கிணறு, உப்புச் சாடி, வாழைத் தோட்டம்: வீட்டுக்குள் இருக்கும் ஹாலஜன்கள்

சாத்தான்குளத்திலிருந்து கிழக்கே கிளம்பினால், தேரிச் செம்மணலைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரைக்குப் போய்விடலாம். அங்கே மொண்டெடுக்கும் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு இருக்கும். அதோடு 65 மில்லிகிராம் புரோமைடு, 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு, 0.06 மில்லிகிராம் அயோடின். இந்த நான்கும் ஒரே குடும்பம். தனிம அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக 17ஆம் தொகுதியில் நிற்கும் ஹாலஜன்கள். அதே வரிசையில் அஸ்டட்டைன், டென்னசின் என்று இன்னும் இரண்டு உண்டு. அவை ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுபவை, நம் வீட்டுக்கு வருவதில்லை.

ஹாலஜன் அணு ஒவ்வொன்றின் வெளிக்கூட்டிலும் ஏழு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எட்டாவதை எங்கிருந்தாவது பறித்துக்கொள்ளத் துடிப்பதுதான் இவற்றின் குணம். கிருமியின் உடலிலிருந்து பறித்தால் கிருமி சாகிறது, நம் நுரையீரலிலிருந்து பறித்தால் நுரையீரல் வேகிறது. ஒரு எலக்ட்ரான் கிடைத்துவிட்டால் அந்த வெறி அடங்கிவிடும். குளோரின் வாயு மூச்சை நிறுத்தும், குளோரைடு குழம்புக்கு ருசி தரும். ஆகவே ஒரு பொருளில் எந்த ஹாலஜன் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த வடிவில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டு கேள்விகளைத்தான் வெவ்வேறு இடங்களில் வைத்துக் கேட்கப் போகிறோம்.

கிணற்றுக்குக் குளோரின்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. வெள்ளம் புகுந்த கிணற்றில் தெருச்சாக்கடையும் கழிவறைக் கழிவும் கால்நடைச் சாணமும் கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி கிடந்தாலும் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் அதில் இருக்கலாம். அந்தச் சமயத்தில் ஊரைக் காப்பாற்றக்கூடிய மலிவான பொருள் பிளீச்சிங் பவுடர். அதைச் சரியாகப் போடத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருக்க வேண்டும்.

முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பாருங்கள். வட்டக் கிணறானால் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுங்கள். வருவது கன மீட்டர். 1,000ஆல் பெருக்கினால் லிட்டர். 3 மீட்டர் விட்டத்தில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 28,000 லிட்டர். தோட்டத்துச் சதுரக் கிணறானால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் போதும். அடியில் அளந்திருந்தால் 0.3ஆல் பெருக்கி மீட்டராக்கிக் கொள்ளுங்கள்.

1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. மேலே சொன்ன வட்டக் கிணற்றுக்கு 70 கிராம் வருகிறது. புதிதாகத் திறந்த பவுடரில் 33 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும் குளோரின் இருக்கும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. திறந்து வைத்த மூட்டையில், வெயிலும் ஈரமும் பட்ட இடத்தில், அந்தச் சத்து வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். கட்டி தட்டிப்போய், வாசனையும் இல்லாமல் கிடக்கும் பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். அதை எத்தனை கிலோ கொட்டினாலும் கிருமி சாகாது. வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டான, காய்ந்த இடத்தில் வையுங்கள். மண்வெட்டி, அரிவாள் பக்கத்தில் வைத்தால் அவை துருப்பிடிக்கும்.

பவுடரை நேராகக் கிணற்றில் தூவுவது எங்கும் நடக்கிறது, அது வீண். ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மிகாமல் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக்கொள்ளுங்கள். அடிமண்டியைக் கிணற்றில் விட்டால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். இறுத்த வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக அலசுங்கள். அதன்பின் ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இரவு எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பிறகு இதைச் செய்வதே வசதி.

ஒரு மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். எல்லாக் கிருமியும் செத்தது என்பதற்கும், இனி ஏதாவது விழுந்தால் அதையும் கொல்ல ஆள் இருக்கிறது என்பதற்கும் அந்த மிச்சமே சாட்சி. பஞ்சாயத்துத் தொட்டி இயக்குபவரிடம் குளோரோஸ்கோப் இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். சிறு குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும், அதை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். குழாயடியிலும் இதே சோதனை செய்யலாம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, வீட்டுக்கு வந்து சேரும் தண்ணீரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்கச் சொல்கிறது. தாமிரபரணிக் குடிநீர் குழாயில் வரும் நாளில் மருந்து வாடை அடிக்கிறது என்று கொட்டிவிடுகிறார்கள் சிலர். தயவுசெய்து கொட்டாதீர்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் வாடை போய்விடும்.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. சேறும் சருகும் இருக்கும்வரை போடுகிற குளோரினையெல்லாம் அவையே தின்றுவிடும். முதலில் நன்றாக இறைத்து, சேற்றை அள்ளி, உறைகளைக் கழுவி, புதுநீர் ஊறிய பிறகு சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவைப் போட வேண்டும். அந்தத் தண்ணீரையும் இறைத்து வெளியேற்றிவிட்டு, மறுபடி ஊறியதற்குத்தான் வழக்கமான அளவு. குடத்துத் தண்ணீருக்கும் இதே விதிதான். கலங்கியிருந்தால் தேற்றாங்கொட்டை உரசியோ படிகாரம் போட்டோ தெளியவைத்து, துணியில் வடிகட்டிய பிறகே குளோரின் மாத்திரையைப் போடுங்கள். அரை கிராம் மாத்திரை ஒன்று சாதாரணமாக 20 லிட்டருக்கானது. ஆனாலும் அட்டையில் அச்சடித்திருக்கும் அளவைப் படித்துவிட்டுப் போடுங்கள். 1,000 லிட்டர் மாடித் தொட்டிக்குச் சுமார் அரைத் தேக்கரண்டி பவுடர் போதும். அதையும் வாளியில் கரைத்து, தெளிய வைத்து இறுத்தே ஊற்ற வேண்டும்.

கலக்கக் கூடாதவை

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய இடத்தில் கறை போகவில்லை என்று மேலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால், பவுடருக்குள் அடைபட்டிருந்த குளோரின் அப்படியே வாயுவாகக் கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு வெளியே ஜெர்மானியப் படை காற்றில் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். சாளரம் சாத்திய கழிவறைக்குள் ஒரு பெண் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருமுறை சொல்லி வையுங்கள். பிளீச்சிங் பவுடர் அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான் வரும். ஆசிட்டையும் துடைப்பானையும் பவுடர் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள்.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழும், பள்ளத்தில் தேங்கும். ஆகவே கசிவு நடந்தால் தரையில் உட்காரவோ படுக்கவோ கூடாது. ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து மேடான இடத்துக்குப் போங்கள். கண் எரிந்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். இருமல் அடங்கிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம், ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

இந்தக் குளோரின் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் அருகே சாகுபுரத்தில் இருக்கும் தாரங்கதாரா கெமிக்கல் ஆலை, உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரிக்கிறது. அங்கேயே பிவிசியும் ஆகிறது. உப்பின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு குளோரின், பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். நம் தோட்டத்துக் குழாய்களின் எடையில் பாதிக்கு மேல் உப்பிலிருந்து வந்ததுதான்.

உப்பளத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே அயோடின் குறைவா?

“கடல் உப்புல அயோடின் இல்லாமயா போவும்?” என்று ஆச்சிமார் கேட்பது நியாயமான கேள்வி. பதில் கணக்கில் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் கிடைப்பது சுமார் 27 கிராம் சோற்றுப்பு. அந்த ஒரு லிட்டரில் இருக்கும் அயோடின் 60 மைக்ரோகிராம். அது முழுவதும் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஒரு கிராம் உப்புக்கு இரண்டு மைக்ரோகிராம்தான் தேறும். அதுவும் வருவதில்லை. பாத்தியில் உப்பு விளையும்போது அயோடினும் புரோமினும் மிச்சமாகும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. சட்டம் கேட்கும் அளவோ ஆலையில் கிராமுக்கு 30, வீட்டில் 15 மைக்ரோகிராம். தூத்துக்குடி அளத்தில் விளைந்த சுத்தமான கல்லுப்பானாலும், பொட்டாசியம் அயோடேட் கலந்திருந்தால்தான் அதில் அயோடின் உண்டு.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. குண்டூசித் தலையளவுகூட இல்லாத இந்தத் துளியை வைத்துத்தான் தைராய்டு சுரப்பி தன் சுரப்பைச் செய்கிறது. கிடைக்காவிட்டால் கழுத்து வீங்குவது வெளியே தெரியும் பாதிப்பு. கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றுவது வெளியே தெரியாதது, பின்னால் திருத்த முடியாதது. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழுத்துக் கழலை குறைந்ததைக் காட்டியது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 1998இல் தடை போட்டு, 2000இல் விலக்கி, 2006 மே 17 முதல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். கழலை மலைநாட்டு நோய், நமக்கென்ன என்ற எண்ணம் தவறு. கடற்கரை ஊர்களிலும் அயோடின் குறைவு உண்டு. மீன் சாப்பிடுபவருக்குக் கொஞ்சம் கிடைக்கும், சைவக் குடும்பத்துக்கு உப்பை விட்டால் வேறு வழி குறைவு.

வாங்கிய அயோடினை வீட்டில் தொலைக்கும் வழக்கங்கள் சில நம்மிடம் இருக்கின்றன. கல்லுப்பில் மண் இருக்கிறது என்று தண்ணீர் விட்டு அலசினால், மேலே பூசியிருக்கும் அயோடேட்தான் முதலில் கரைந்து ஓடும். அழுக்கில்லாத உப்பாக வாங்குங்கள், அல்லது அலசாமல் முழுவதையும் கரைத்து, மண் படிந்ததும் தெளிவை எடுத்துக் குழம்புக்கு விடுங்கள். திறந்த மரவையில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரமும் சூடும் சேர்ந்து அயோடினைக் குறைக்கும். மூடியுள்ள பீங்கான் சாடி நல்லது. கொதிக்கும் குழம்பில் ஆரம்பத்திலேயே போடுவதைவிட இறக்கும்போது போடுவது மேல். தெருவில் மூட்டையாக வரும் உப்பு மலிவு என்பதால் வாங்குவதானால் அதைக் கருவாடு போடவும் மாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

சோதனைக்கு ஒரு குறிப்பு. சோற்றுக் கஞ்சியில் எலுமிச்சை பிழிந்து உப்பைப் போட்டு, நீலம் வரவில்லை, அயோடின் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நம் உப்பில் இருப்பது அயோடேட். அதிலிருந்து அயோடின் வெளிவர அமிலத்தோடு அயோடைடும் வேண்டும். அது கலந்த சோதனைச் சொட்டு மருந்தை விட்டால் நீலம் வரும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அயோடினுக்காக உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பான ஐந்து கிராமுக்குள், கிராமுக்கு 30 மைக்ரோகிராம் உள்ள உப்பானால் நாளுக்கு வேண்டிய 150 வந்துவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பாதிக்குப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

உவர்க் கிணறும் வாழையும்

தாமிரபரணிப் பாசனத்தின் வால்பகுதிக்கும் அப்பால் கிடக்கும் மண் நம்முடையது. சடையனேரிக் கால்வாயில் உபரிநீர் வந்து தருவைக் குளங்கள் நிறைந்தால் கிணறு இனிக்கும். வராத ஆண்டுகளில் போர் ஆழமாகிக்கொண்டே போகும், தண்ணீர் உவர்க்கும். அந்த உவர்ப்பில் பெரும்பங்கு குளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 1,000 வரை ஒப்புக்கொள்கிறது ஐஎஸ் 10500. கொதிக்க வைத்தாலும் வடிகட்டினாலும் குளோரைடு போகாது, கொதிக்கக் கொதிக்கச் செறிவு ஏறும்.

பயிர் விஷயத்தில் நம் விவசாயிகள் அடிக்கடி தவறவிடும் ஓர் இடம் உண்டு. வாழை இலையின் விளிம்பு காய்ந்து கருகி உள்ளே பரவினால் பொட்டாஷ் போதவில்லை என்று மேலும் ஒரு மூட்டை போடுகிறார்கள். கடையில் பொட்டாஷ் என்று கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைடு. நல்ல தண்ணீர்த் தோட்டத்தில் இது பாதகமில்லை, விலையும் குறைவு. உவர்நீர் பாயும் வாழைக்கு இது ஏற்கெனவே இருக்கும் உப்போடு உப்பைச் சேர்க்கிறது. இலை கருகுவது சத்துக் குறைவாலா, உப்பு மிகுதியாலா என்பதை மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கேளுங்கள். உப்புதான் காரணம் என்றால் சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாறுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கருகும் தாரின் விலையோடு வைத்துப் பாருங்கள். கார்த்திகை மழையில் வயலைத் தேக்கி வடியவிட்டால் வேர்ப்பகுதியின் உப்பு கீழே இறங்கும். தூரில் சருகு மூடாக்கு போட்டால் வெயிலில் உப்பு மேலேறுவது குறையும். இலை நனையும்படி உவர்நீரைத் தெளிக்காதீர்கள்.

தென்னையின் கதை நேர்மாறு. அது குளோரைடை விரும்பி எடுக்கும் மரம். கடலோரத்தில் செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தென்னைக்குப் பொட்டாசியம் குளோரைடே போடலாம், சல்பேட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். முருங்கை ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். கிணறு உவர்த்துக்கொண்டே போகும் நிலத்தில் வாழையைக் குறைத்து முருங்கையைக் கூட்டுவது அறிவான முடிவு.

ஃபுளோரைடு

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5ஐத் தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும். இவ்வளவு நெருக்கமான எல்லை வேறெந்த ஹாலஜனுக்கும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறைகளாகப் பழுப்பேறிய பல்லோடும் வளைந்த எலும்போடும் வாழ்ந்த மக்களுக்காகவே காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013இல் தொடங்கியது. நிறம், மணம், ருசி எதிலும் ஃபுளோரைடு தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, பிளீச்சிங் பவுடரும் ஒன்றும் செய்யாது. ஆகவே புதுப் போர் போட்டுக் குடிக்க எடுக்கும் முன், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஆர்ஓ கருவியோ, ஊக்கப்படுத்திய அலுமினா வடிகட்டியோ குறைக்கும்.

பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடு பல்லின் மேற்பூச்சை உறுதியாக்கிச் சொத்தையைத் தடுக்கிறது. அது பல்லில் படுவதற்கு, வயிற்றுக்குப் போவதற்கு அல்ல. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு, பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்க வேண்டும். பழ வாசனைப் பசையை நக்கித் தின்னும் பிள்ளையிடம் டியூபைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

மருந்துப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி

காயத்துக்குப் போடும் பழுப்பு மருந்து போவிடோன் அயோடின். பத்து சதவீதக் கரைசலில் வேலை செய்யும் அயோடின் ஒரு சதவீதம்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக வெளிவருவதால் பழைய டிஞ்சர் அயோடின் போல எரியாது. முதலில் காயத்தைத் தண்ணீரில் கழுவுங்கள். அழுக்கும் சீழும் இருந்தால் அயோடினின் வீரியம் அவற்றிலேயே செலவாகிவிடும். தைராய்டு நோயாளி, கர்ப்பிணி, பச்சிளம் குழந்தை ஆகியோருக்கு நாள்கணக்கில், பெரிய பரப்பில் தடவக் கூடாது. தோல்வழியே உடம்புக்குள் போய்த் தைராய்டைக் குழப்பும்.

ஒட்டாத வாணலியின் பூச்சு ஃபுளோரின் சேர்ந்த பாலிமர். வெறும் வாணலியை 260 டிகிரிக்கு மேல் காயவிடாதீர்கள். அதன் புகையில் கூண்டுக்கிளி செத்துவிடும், மனிதருக்கும் காய்ச்சல் வரும். ஏசியில் இருக்கும் ஆர்-32 ஃபுளோரின் கலந்த வாயு, கொஞ்சம் தீப்பற்றக்கூடியது. ஆண்டுதோறும் கேஸ் போட வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்கச் சொல்லாமல் மேலும் நிரப்புவது பணத்துக்கும் கேடு, வானத்துக்கும் கேடு. புதுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ ஹாலஜனே இல்லாத ஐசோபியூட்டேன், நன்றாக எரியும். உறைபெட்டியில் கத்தி, ஆணி கொண்டு பனிக்கட்டியைக் குத்தி எடுக்காதீர்கள்.

கடைசியாக, கிழிந்த பிவிசி குழாயையும் செம்புக்காகப் பழைய வயரையும் குப்பையோடு எரிக்காதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையோடு டையாக்சின் என்னும் கொடிய நச்சும் கிளம்பும். அது சாம்பலில் தங்கி, அங்கே மேயும் ஆடு, கோழி வழியாகப் பாலுக்கும் முட்டைக்கும் வரும். பழைய குழாயையும் வயரையும் காயலான் கடையில் போட்டுவிடுங்கள், வயரை எரிக்காமல் தோலுரித்தே செம்பை எடுக்கச் சொல்லுங்கள்.